தீவும் தெருவும்: நியூயார்க் சைனாடவுனில் சிறை எதிர்ப்பின் வரலாறு

மன்ஹாட்டனின் சென்டர் தெருவை ஒட்டி 1838-இல் முதல் சிறை எழுந்தது. தூர்த்த குளத்தின் மேல் கட்டியதால் அதன் அடித்தளம் விரைவிலேயே இறங்கத் தொடங்கியது. எகிப்தியக் கல்லறைச் சாயலில் இருந்த அதை மக்கள் ‘டூம்ஸ்’ (கல்லறைகள்) என்றார்கள். 1902-இலும் 1941-இலும் கட்டடம் மாறியபோதும் அந்தப் பட்டப்பெயர் மாறவில்லை. சீனர்கள் அப்பகுதியில் குடியேறியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். சிறை இருப்பது தெரிந்துதானே வந்தார்கள் என்று கேட்கலாம். 1882 முதல் 1943 வரை சீனக் குடியேற்றத்தையே சட்டம் போட்டுத் தடுத்த நாட்டில், அவர்களுக்கு வேறு எந்தத் தெருவில் வீடு கிடைத்திருக்கும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

உள்நிலைமை மோசமாக இருந்ததால், கூட்டாட்சி நீதிமன்ற வழக்கு ஒன்றையடுத்து 1974-இல் டூம்ஸ் மூடப்பட்டது. கைதிகள் நகரின் சிறைத் தீவான ரைக்கர்ஸுக்குப் போனார்கள். யாருடைய வீட்டுக்கும் பக்கத்தில் இல்லாத அந்தத் தீவு, எல்லா வட்டாரங்களின் எதிர்ப்பையும் ஒரே அடியில் தீர்த்து வைத்தது. வழக்கறிஞரும் குடும்பமும் எளிதில் எட்ட முடியாத தொலைவு அது. அங்கே நடந்த வன்முறை நகரத்தின் கண்ணில் படாமலே பல ஆண்டுகள் கழிந்தன.

1980-களின் தொடக்கத்தில் நகராட்சி டூம்ஸைத் திரும்பத் திறக்கவும், அதன் பக்கத்திலேயே இன்னொரு கோபுரம் எழுப்பவும் முனைந்தது. 1982-இல் ஆயிரக்கணக்கான சைனாடவுன் மக்கள் ஊர்வலம் போனார்கள். ஆனாலும் 1983-இல் பழைய கட்டடம் திறந்தது. 1990-இல் புதுக் கோபுரமும் வந்தது. ஊர்வலத்துக்குக் கிடைத்த பலன் வேறு: சிறைக்கு ஒதுக்கிய மனையில் ஒரு பகுதி சமூகத்துக்குக் கிடைத்தது. அங்கே வருமானம் குறைந்த முதியோருக்காக 88 வீடுகள் கொண்ட சுங் பாக் குடியிருப்பு எழுந்தது. சிறையைத் தடுக்க முடியாதபோது அதற்கு ஈடாக எதையாவது வாங்கிக்கொள்ளும் பேரம் இங்கேதான் தொடங்கியது என்பது என் கணிப்பு.

ரைக்கர்ஸை மூடும் முடிவை மேயர் டி பிளாசியோ 2017-இல் அறிவித்ததும் கைதிகள் மீண்டும் தெருக்களை நோக்கித் திரும்ப வேண்டியதாயிற்று. திட்டமிட்டவை நான்கு சிறைகள். மூன்று, நீதிமன்றங்களை ஒட்டியவை; அவற்றில் மன்ஹாட்டன் சிறைக்கு டூம்ஸ் நின்ற இடமே. பிராங்க்ஸில் மட்டும், நீதிமன்றத்திலிருந்து தள்ளி, மாட் ஹேவன் என்னும் ஏழை வட்டாரத்தில் காவல்துறை இழுத்துவந்த வண்டிகளை நிறுத்தும் மனையைத் தேர்ந்தார்கள். வீடுகளும் பள்ளிகளும் நெருங்கிய இடத்திலா என்ற கேள்வி நான்கு இடங்களிலும் எழுந்தது. ஆனால் இம்முறை எதிர்த்தவர்கள் ஒரே குரலில் பேசவில்லை. ‘எங்கள் தெருவில் வேண்டாம்’ என்றவர்களோடு, ‘எந்தத் தெருவிலும் வேண்டாம்’ என்ற சிறை ஒழிப்பு இளைஞர்களும் நின்றார்கள். இவர்களை ஒரே கட்சியாக எண்ணிப் பேசிய அரசியல்வாதிகளுக்கு அது வசதியாகவே இருந்தது.

2019 அக்டோபர் 17 அன்று நகரமன்றம் 36-க்கு 13 என்ற வாக்கில் திட்டத்தை ஏற்றது. மன்ஹாட்டன் கோபுரம் 45 மாடியிலிருந்து 29 ஆகக் குறைந்தது. நான்கு சிறைகளிலும் இருக்கப்போகும் கைதிகளின் மதிப்பிட்ட எண்ணிக்கையும் சுமார் 3,300 ஆகச் சுருங்கியது. அண்டை வீட்டார் தொடுத்த வழக்கில் 2020-இல் கீழ் நீதிமன்றம் மன்ஹாட்டன் ஒப்புதலை ரத்து செய்தது. மறு ஆண்டே மேல்முறையீட்டில் அந்த ஒப்புதல் மீண்டும் செல்லுபடியாயிற்று. 2022-இல் பழைய சிறையின் இடிப்பை மறித்தவர்கள் கைதானார்கள். வேலை தொடங்கிய பிறகு தூசி, அதிர்வு பற்றி முறையிட்டவர்களில் சுங் பாக் முதியோரும் உண்டு.