ஆயிரத்து முப்பத்து மூவர்

தமிழர்க்கு அறுபத்து மூவரைத் தெரியும். முப்பத்து முக்கோடித் தேவரையும் தெரியும். ஆயிரத்து முப்பத்து மூவரைத் தெரியுமா என்று கேட்டால் சைவ அன்பர்களும் சற்றுத் தயங்குவர். இவர்கள் எந்தப் புராணத்திலும் இடம்பெற்றவரல்லர். 1996ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டமன்றத் தேர்தலில், ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சித் தொகுதியில் வேட்பாளராக நின்றவர்கள். ஒரே தொகுதி, ஒரே நாற்காலி, 1033 பேர்.

இதைச் சொன்னவுடன் சிரிப்பு வருவது இயல்பு. நாமும் பலமுறை சிரித்திருக்கிறோம். வகுப்பில் மாணவர் சோர்ந்திருக்கும் பிற்பகல் வேளைகளில் இச்செய்தி கைகொடுக்கும். ஆயினும் அச்சிரிப்புக்குப் பின்னே என்ன நடந்தது என்பதைத் தேடிச் செல்லும்போதுதான், சிரித்தது யார், யாரைப் பார்த்து என்ற ஐயம் எழுகிறது.

கதைச் சுருக்கம் இது. தங்கள் கோரிக்கைகளை எக்கட்சியும் செவிமடுக்கவில்லை என்று அப்பகுதி உழவர்கள் கொதித்துப்போயிருந்தனர். மறியல் செய்தால் காவலர் வருவர். மனுக் கொடுத்தால் அது கோப்புக்குள் உறங்கும். எந்த அலுவலரும் வாங்க மறுக்க முடியாத ஒரு மனு நாட்டில் உண்டு. அதன் பெயர் வேட்புமனு. தேர்தல் விதிப்படி அதனை ஒரு வட்டாட்சியரோ வருவாய்க் கோட்டாட்சியரோ எழுந்து நின்று வாங்காவிட்டாலும் உட்கார்ந்தபடியேனும் வாங்கித்தான் ஆகவேண்டும். எண்ணிட்டு, ஒப்புகை கொடுத்து, பரிசீலனை செய்து, பட்டியலில் ஏற்றவேண்டும். அன்று சட்டமன்றத் தொகுதிக்கான டெபாசிட் தொகை வெறும் 250 ரூபாய். உழவர்கள் சாரி சாரியாக வந்து மனுத் தாக்கல் செய்தனர்.

டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலம் அது. அரசியல்வாதிகளை நடுங்கவைத்தவர் என்று பெயர் பெற்றவர். அவருடைய ஆணையத்தையும் மொடக்குறிச்சி ஒருமுறை மூச்சுத் திணறவைத்தது. 1033 பெயர்களையும் ஒரே தாளில் அச்சிட இயலாது. எனவே வாக்குச்சீட்டு, சீட்டு என்னும் பெயருக்கே பொருந்தாமல் ஒரு புத்தகமாக உருவெடுத்தது. வாக்காளர் அதனைப் புரட்டி, தமக்கு வேண்டியவரைக் கண்டுபிடித்து, முத்திரை குத்தி, மடித்து (புத்தகத்தை எங்ஙனம் மடிப்பது?) பெட்டிக்குள் இடவேண்டும். இந்த ஏற்பாடுகளுக்காக அத்தொகுதியின் தேர்தல் ஒரு மாதம் தள்ளிவைக்கப்பட்டது. நூலாசிரியர் பலருக்கு ஆயிரம் படிகள் விற்பதே அரிதாயிருக்கும் தமிழ்நாட்டில், ஒரே நாளில் லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் வாசகர் கைக்குச் சென்ற நூல் இதுவாகத்தான் இருக்கும். ஆசிரியர் பெயர் இல்லை. கதாபாத்திரங்கள் மட்டும் 1033.

சின்னங்களின் பாடு தனி. எழுத்தறியாத வாக்காளருக்காக, 1951-52இல் நடந்த முதற் பொதுத்தேர்தல் தொட்டே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு படம் தரும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. தேர்தல் ஆணையத்தில் பணிபுரிந்த எம்.எஸ். சேத்தி என்னும் வரைவாளர் கரிக்கோலால் வரைந்த படங்கள் அவை. சீப்பு, கைத்தடி, நகவெட்டி, ரொட்டி வாட்டும் கருவி என நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுப் பொருள்களெல்லாம் அப்பட்டியலில் காணக் கிடைக்கும். சேத்தி 1992இல் ஓய்வுபெற்றுவிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்துத் தம் ஓவியங்களுக்கு இத்தனை கிராக்கி வருமென்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

முடிவு என்னவோ வழக்கமானதே. தி.மு.க. வேட்பாளர் சுப்புலட்சுமி ஜெகதீசன் 64,436 வாக்குகள் பெற்று வென்றார். இரண்டாமிடம் அ.தி.மு.க.வுக்கு. வேடிக்கை பட்டியலின் அடிவாரத்தில் இருந்தது. 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை.

இந்த 88ஐ வைத்து எழுந்த நகைச்சுவைகள் கணக்கில. தம் வாக்கைக்கூடத் தமக்குப் போட்டுக்கொள்ளாத தியாகிகள் என்றனர். மனைவியும் கைவிட்டாள் என்றனர். நமக்கு வேறொன்று தோன்றுகிறது. சட்டமன்ற வேட்பாளர் அம்மாநிலத்தின் எத்தொகுதி வாக்காளராகவும் இருக்கலாம். அந்த 88 பேரில் சிலருக்கு மொடக்குறிச்சியில் வாக்கே இல்லாதிருக்கலாம். வாக்கு இருந்தவர்களும், வெல்வதற்காக நின்றவர்கள் அல்லர். அவர்களது வேலை வேட்புமனுவோடு முடிந்துவிட்டது. மறியலுக்குப் போனவன் மாலையில் வீடு திரும்புவதுபோல, அவர்கள் மனுவைக் கொடுத்துவிட்டு வயலுக்குத் திரும்பினர். வாக்குப்பதிவு நாளன்று ஆட்சியை யாரிடம் கொடுப்பது என்ற வேறு கேள்விக்கு விடை சொன்னார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் சிரித்த நாம்தான்.

டெபாசிட் விவகாரத்திலும் ஒரு சுவையான கணக்கு உண்டு. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்குமேல் பெற்றால்தான் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். ஆறில் ஒன்றுக்குமேல் பெறுவோர் எத்தேர்தலிலும் ஐவருக்குமேல் இருக்க முடியாது. ஆக, மனுச் செய்த நொடியிலேயே, குறைந்தது 1028 பேர் பணத்தை இழப்பர் என்பது எண்கணிதத்தால் உறுதியாகிவிட்டது.

அதே 1996இல் மக்களவைத் தேர்தலிலும் இவ்வழியை வேறு ஊரார் கண்டுபிடித்திருந்தனர். ஆந்திரத்தின் நல்கொண்டா தொகுதியில் 480 பேர் நின்றனர். அங்கே நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதி. அதைக் குடித்துப் பல் கறைபட்டு, எலும்பு வளைந்து, இளமையிலேயே கூன் விழுந்தோர் ஊர்தோறும் இருந்தனர். நல்ல குடிநீர் கேட்டு அவர்கள் கொடுத்த மனுக்களே அந்த வேட்புமனுக்கள். கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேர். நாடு முழுவதும் அவ்வாண்டு மக்களவைக்குப் போட்டியிட்டோர் 13,952 பேர்.

அரசு விழித்துக்கொண்டது. 1996 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வரும்படி மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத்துக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. மக்களவைக்கு 500 என்பது 10,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சி நிறுத்தாத வேட்பாளரைப் பத்து வாக்காளர்கள் முன்மொழியவேண்டும். வாக்குச்சீட்டில் பெயர் வரிசையும் மாறியது. அங்கீகாரம் பெற்ற கட்சியினர் முதலில், பதிவு மட்டும் பெற்ற கட்சியினர் அடுத்து, சுயேச்சைகள் கடைசி. பந்தி விரிக்கையில் உறவுமுறை பார்த்து உட்காரவைக்கும் நம்மவர் பழக்கம் சட்டமாகவே வந்துவிட்டது என்க. 1998இல் மக்களவைக்குப் போட்டியிட்டோர் 4,750 பேராகக் குறைந்தனர்.

தேர்தல் நடத்துவோரின் இடர்ப்பாடு நமக்குப் புரியாமலில்லை. லட்சக்கணக்கான புத்தகங்களை அச்சிட்டு, எண்ணி, காவலில் வைப்பது விளையாட்டன்று. ஆயினும் இத்திருத்தம் எதற்கு மறுமொழி சொன்னது என்று பார்க்கவேண்டும். 'எங்கள் குறையைக் கேளுங்கள்' என்று வந்த 1033 பேரிடம், 'இனி இருபது மடங்கு பணம் கொண்டுவாருங்கள்' என்று சொன்னது. 2010 பிப்ரவரி முதல் அத்தொகை மேலும் உயர்ந்து சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000 ஆயிற்று. மொடக்குறிச்சியார் இந்த விலையில் அதே மனுவைக் கொடுக்க நினைத்தால் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வேண்டும்.

விதியைத் திருத்திக்கொண்டே இருப்பது நமக்குப் புதிதன்று. குடவோலை முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையுடன் பாடம் நடத்துகிறோம். அது ஒரு கல்வெட்டன்று, இரண்டு. முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில் (919) ஒரு விதிமுறை. 14ஆம் ஆட்சியாண்டிலேயே (921) அதற்குத் திருத்தம். முதலில் முப்பது வயதுக்குமேல் அறுபதுக்குள் என்றிருந்த தகுதி, முப்பத்தைந்துக்குமேல் எழுபதுக்குள் என மாறியது. அந்த இரண்டாண்டில் சபையில் என்ன கூத்து நடந்ததோ, கல் சொல்லவில்லை. கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவர்தம் உறவினரும் ஓலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர் என்ற விதியை அப்படியே இன்று கொண்டுவந்தால், எத்தொகுதியிலும் சீட்டு புத்தகமாக வாய்ப்பில்லை.

புத்தகத்துக்கு மாற்றாக வந்தது இயந்திரம். அதன் பிறப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் அது முதன்முதலாக வைக்கப்பட்டது. இயந்திரம் கூடாது என்று தேர்தலுக்கு முன்பே நீதிமன்றம் சென்றவர் கம்யூனிஸ்டு வேட்பாளர் சிவன் பிள்ளை. அவரே 123 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ், இயந்திரம் செல்லாது என்று வழக்குத் தொடுத்தார். சட்டத்தில் இயந்திரம் என்ற சொல்லே இல்லை என்று சொல்லி உச்சநீதிமன்றம் 1984இல் ஜோஸின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தச் சாவடிகளில் மறுபடி சீட்டு வைத்து வாக்குப்பதிவு நடந்தது, ஜோஸ் வென்றார். நாற்பது ஆண்டுகளாக நம் அரசியல்வாதிகள் மேடையேற்றிவரும் நாடகத்தின் மூலப்படி இதுவே. நடிகர்கள் மாறுவர், வசனம் மாறாது.

அந்த இயந்திரத்தின் உருவாக்கத்தில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் எஸ். ரங்கராஜனுக்குப் பெரும்பங்கு உண்டு. சுஜாதா என்றால்தான் இப்பக்கத்து வாசகர்க்கு விளங்கும். அவருடைய வாசகர்களைவிட, அவர் பங்கேற்ற பெட்டியின் பொத்தானை அழுத்தியவர்களே பன்மடங்கு அதிகம்.

தேர்தல் பணிக்கு நாமும் சென்றதுண்டு. கல்லூரி ஆசிரியர்க்கு அதிலிருந்து தப்ப வழியில்லை. ஒரு சாவடியில் வாக்களித்துவிட்டு வெளியே வந்த மூதாட்டி ஒருவர் மேசையருகே நின்று, "ஏஞ்சாமி, எதை அமுத்துனாலும் ஒரே சத்தந்தானே போடுது, அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். முகவர்கள் சிரித்தனர். "தெரியும் பாட்டி, போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தோம். பிற்பாடு, வாக்கு விழுந்ததைத் தாளில் காட்டும் கருவியை இயந்திரத்தோடு இணைத்தபோது, அவர் கேட்ட கேள்வியையே வேறு மொழியில் நீதிமன்றத்தில் கேட்டிருக்கிறார்கள் என்று உணர்ந்தோம்.

இயந்திரத்துக்கும் வயிற்றளவு உண்டு. ஓர் அலகில் 16 பொத்தான்கள். பழைய வகையில் நான்கு அலகுகளே இணையும். 64 பெயரைத் தாண்டினால் மீண்டும் காகிதம்தான். 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத் மக்களவைத் தொகுதியில் 185 பேர் களமிறங்கினர். அவர்களுள் மிகப்பெரும்பாலோர் மஞ்சளும் சோளமும் பயிரிடுவோர். மஞ்சள் வாரியம் வேண்டும், உரிய விலை வேண்டும் என்பது கோரிக்கை. (மொடக்குறிச்சியும் மஞ்சள் விளையும் பகுதிதான். மஞ்சளுக்கும் இந்த உத்திக்கும் என்ன உறவோ!) ஆணையம் இம்முறை புத்தகம் அச்சிடவில்லை. 24 அலகுகள்வரை தாங்கும் புதிய வகை இயந்திரத்தைக் கொண்டுவந்து, சாவடிதோறும் 12 அலகுகளைப் பரப்பியது. ஒரே மேசையில் அடங்காமல் மூலை திரும்பி வளைந்து நின்றன அவை. வாக்காளர் தம் சின்னத்தைத் தேடிக் கடைவீதியில் நடப்பதுபோல் நடந்தனர். பதவியிலிருந்த உறுப்பினரும் முதலமைச்சரின் மகளுமான கவிதா எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் பா.ஜ.க.வின் அரவிந்திடம் தோற்றார். தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. வேட்புமனுவாக எழுதப்பட்ட கோரிக்கைக்கு மறுமொழி வர ஏறத்தாழ ஆறாண்டுகள்.

அந்தப் புதிய இயந்திரத்தின் உச்சவரம்பு, நோட்டாவையும் சேர்த்து, 384. மொடக்குறிச்சியின் 1033 பேரும் நோட்டாவும் அதில் ஏற 65 அலகுகள் வேண்டியிருக்கும்.

2021 தேர்தலில் மொடக்குறிச்சி மறுபடி செய்தித்தாளில் இடம்பிடித்தது. ஆயிரத்து முப்பத்திரண்டு பேரைத் தோற்கடித்த அதே சுப்புலட்சுமி ஜெகதீசன் அங்கே மீண்டும் நின்றார். பா.ஜ.க.வின் சரஸ்வதி 78,125 வாக்குகள் பெற்றார்; இவருக்கு 77,844. வித்தியாசம் 281.