நிழலுருவப் படம் (வெளிச்சிற்பங்கள்)

திறந்தவெளியில் நிற்கும் சிலை, கோபுரம், அய்யனார் குதிரை ஆகியவற்றைச் சூரியன் சாயும் வானத்துக்கு முன்னால் நிறுத்தி, உருவம் முழுக்கக் கறுத்துப் புறக்கோடு மட்டும் தெரியுமாறு எடுக்கும் ஒளிப்படம். படமெடுப்போர் பேச்சில் ‘சில்லவுட்’. சிற்பியின் நுண்வேலை அத்தனையும் இதில் மறைந்துவிடும். நல்ல புறக்கோடு உள்ள சிற்பம் மட்டுமே தேறும்.

வரலாறு: பிரான்சின் நிதியமைச்சராக 1759இல் சில மாதங்களே இருந்த எட்டியென் த சிலூயெட் (1709–1767) சிக்கனத்துக்குப் பேர்போனவர். மலிவான கறுப்புத்தாள் உருவங்களுக்கு அவர் பெயரைக் கேலியாக ஒட்டினார்கள்; கேலி போய்ப் பெயர் நின்றது. நம் தோல்பாவைக்கூத்தை இக்கலையின் முன்னோடி என்பாருண்டு. பாவைத்தோல் ஒளி ஊடுருவுவது, திரையில் விழுவது வண்ண நிழல். ஆகவே அது பொருந்தாது.

ஒளிப்படத்தில் இது தாமதமாகவே கைகூடியது. தொடக்ககாலத் தகடும் தாளும் நீல ஒளியை மட்டுமே நன்கு வாங்கின. அந்தியின் செம்மை அவற்றில் ஏறக்குறையப் பதியவே இல்லை. பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே 1856இல் எடுத்த கடற்காட்சியில் கப்பல் கறுத்துத் தெரிவது அக்காலத்தில் அதிசயமாகப் பேசப்பட்டது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சைக் கோயில்களை மெழுகுத்தாள் நெகட்டிவ்களில் எடுத்தார். வானம் வெறுமையாக வந்ததால் நெகட்டிவ் மேலேயே மேகத்தைத் தீட்டிச் சேர்த்தார். 1873இல் ஹெர்மன் ஃபோகல் சாயம் கலந்து பச்சை ஒளியையும் தகட்டில் பதியவைத்தார். எல்லா நிறமும் வாங்கும் தகடு 1906இல் விற்பனைக்கு வந்தது. மாலைவானம் ஒளிப்படக்காரர் கைக்கு வந்தது அதன் பிறகே.

திசை: சென்னை மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை (1959), கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலை (2000) இரண்டையும் கரையிலிருந்து பார்த்தால் பின்னே இருப்பது விடியல் வானம். மாலைக்கு உகந்தவை மேற்கே மலையோ வெட்டவெளியோ உள்ள ஊர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் 11 நிலை, 192 அடி ராஜகோபுரத்தைக் கிழக்கிலிருந்து எடுத்தால் மலைத்தொடர் பின்னணியில் அமையும். தமிழ்நாடு அரசுச் சின்னத்தில் உள்ளது இக்கோபுரமே என்பது பரவலான கருத்து. மதுரைக் கோபுரம் என்பாரும் உண்டு.

கோபுரம் இருபுறமும் ஒத்த வடிவம். எதிரே நின்று எடுத்தாலும் அழகு குறையாது. கிழக்கு நோக்கி நிற்கும் அய்யனார் குதிரையை அப்படி எடுத்தால் தூண் மாதிரி வரும். இந்த அட்சரேகையில் சூரியன் மறையும் இடம் ஆண்டு முழுதும் நேர்மேற்கிலிருந்து இருபுறமும் 24 பாகைக்கு மேல் விலகாது, காத்திருந்து பயனில்லை. சூரியன் மறைந்தபின் குதிரைக்குத் தெற்கிலோ வடக்கிலோ போய் நின்று, எதிர்ப்பக்க வெளிச்சத்தில் பக்கவாட்டாக எடுப்பதே வழி. தூக்கிய முன்காலுக்கும் வயிற்றுக்கும் இடையே வானம் தெரிய வேண்டும், குதிரைமேல் இருப்பவர் ஓங்கிய அரிவாள் அவர் தோளோடு ஒட்டக்கூடாது. மின்கம்பியும் ஒலிபெருக்கிக் குழாயும் சிலையோடு சேர்ந்து கறுக்கும். ஓரடி தள்ளி நின்றாலே பல நேரம் தீரும்.

முறை: ஒளியளவைச் சிலையில் அல்ல, சூரியனுக்குப் பக்கத்து வானத்தில் எடுக்க வேண்டும். கைபேசியில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுத்தால் போதும். எச்டிஆர் அணைந்திருக்க வேண்டும். அது இருட்டை வெளுக்கச் செய்து உருவைச் சாம்பலாக்கிவிடும். கேமராவின் கண்ணாடித் துளை வழியே சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது.

பிளவக்கல்: வத்திராயிருப்புக்கு மேற்கே, மலையடியில் பெரியாறு, கோவிலாறு என இரு அணைகள். மலை அடிவானத்தை 5 பாகை உயரத்துக்கு மறைத்தால் நாள்காட்டி நேரத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம் முன்பே சூரியன் போய்விடும். வானமோ வெளிச்சமாகவே இருக்கும். இங்கே சிற்பத்தை விட மலையே சிறந்த நிழலுரு.