இற்றது முதல் இத்துப்போனது வரை: ‘இறு’ என்னும் வினையின் பொருள் வரலாறு

முன்னுரை

உடைதலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல. பானை உடைகிறது, குச்சி ஒடிகிறது, எலும்பு முறிகிறது, கண்ணாடி நொறுங்குகிறது. ஒரு காலத்தில் இவற்றோடு ஒத்து நின்ற ‘இறு’ என்னும் வினை இன்றைய எழுத்துத் தமிழில் அருகிவிட்டது. ஆயினும் அதன் வழிவந்த ‘இறுதி’யும் ‘ஈறு’ம் நாள்தோறும் புழங்குகின்றன. ஒடிதலைச் சொன்ன வினை முடிவைச் சொல்லும் பெயர்களைத் தந்துவிட்டுத் தான் ஒதுங்கியது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வடிவமும் வேரும்

இவ்வினை தன்வினையில் ‘இற்றது, இறும்’ எனவும், பிறவினையில் ‘இறுத்தான், இறுக்கும்’ எனவும் வரும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் ஒடிதல், அழிதல், முடிதல் ஆகிய பொருள்களை இதன்கீழ்த் தருகிறது. ‘பெறு’ என்பது ‘பேறு’ ஆவதுபோல ‘இறு’ முதல் நீண்டு ‘ஈறு’ ஆயிற்று. ‘உறு’ என்பது ‘உறுதி’ ஆவதுபோல ‘இறுதி’ ஆயிற்று.

இதனை ‘இற’ என்னும் வினையோடு மயக்கலாகாது. இறத்தல் என்பது கடத்தல்; கடந்துபோன காலமே இறந்தகாலம். ‘இறுதிச் சடங்கு’ போன்ற தொடர்களால் இரண்டும் ஒரே சொல்லெனத் தோன்றலாம். ‘இற்றது’, ‘இறந்தது’ என்னும் வடிவங்களே அவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். மலையாளத்தில் பூப்பறிப்பதற்கு இன்றும் ‘பூ இறுக்குக’ என்கிறார்கள். காம்பை ஒடித்தெடுக்கும் பழம்பொருள் அங்கே வாடாமல் இருக்கிறது.

இலக்கணத்தில் ‘ஈறு’

நேர்ப்பொருள் முந்தியது, உருவகப்பொருள் பின்னர் வந்தது என்று இச்சொல்லின் வரலாற்றை நூல்களைக் கொண்டு வரிசைப்படுத்த இயலாது. தொல்காப்பியமே ‘இறுதி’, ‘ஈறு’ என்பவற்றைச் சொல்லின் கடைசி எழுத்தைக் குறிக்கும் கலைச்சொற்களாக ஆள்கிறது. புணரியல் முழுவதும் நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்கும் இடத்தைப் பற்றியதே. ஓசை எங்கே ஒடிகிறதோ அங்கே சொல் முடிகிறது என்ற பார்வை இப்பெயரில் உறைந்திருக்கிறது எனக் கருதலாம். பள்ளி மாணவர் மனனம் செய்யும் ‘ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்’ வரை அந்த மரபு நீள்கிறது.

ஓர் அதிகாரம், மூன்று ஒடிவுகள்

நேர்ப்பொருளும் உருவகப்பொருளும் அருகருகே வாழ்ந்ததற்குத் தெளிவான சான்று திருக்குறளின் 48ஆம் அதிகாரமான வலியறிதல். 473ஆம் குறள் தம் வலிமை அறியாமல் முயன்று இடையில் ‘முரிந்தார்’ பலரைச் சொல்கிறது, அங்கே ஒடிவது மனிதரின் முயற்சி. 475ஆம் குறளில் மயிற்பீலியே ஆனாலும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு ‘இறும்’. அங்கே ஒடிவது மரம். அடுத்த குறளில் நுனிக்கிளைக்கு ஏறியவன் அதற்கு மேலும் ஏற முனைந்தால் அது உயிருக்கு ‘இறுதி’. அங்கே முடிவது வாழ்வு. அச்சின் ஒடிவிலிருந்து உயிரின் முடிவுக்குச் செல்லும் தொலைவு ஒரே ஒரு குறள்தான். தாங்கும் எல்லையைத் தாண்டும்போது நேர்வதே இறுதல் என்னும் கருத்து இரண்டையும் பிணைக்கிறது. 180ஆம் குறளிலோ ‘இறல்’ என்பது நேரே அழிவைக் குறிக்கிறது.

வில் இற்ற ஓசை

பக்தி இலக்கியமும் காப்பியமும் இவ்வினையின் நேர்ப்பொருளைச் சிவன் வில்லோடு பிணைத்து வைத்தன. குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில் வில்லை ஒடித்ததைப் பிறவினையாக்கி ‘இறுத்து’ என்கிறார். கம்பர் கார்முகப் படலத்தில் தன்வினையாக்கி ‘இற்றது’ என்கிறார். அவையோர் கண்டது இராமன் வில்லை எடுத்ததை மட்டுமே. அது ஒடிந்ததைச் செவியால்தான் அறிந்தனர். ஒடித்தவன் செயல் கண்ணுக்குத் தப்ப, ஒடிந்த பொருளின் ஓசை மட்டும் எஞ்சுகிறது. அதற்குத் தன்வினையே பொருந்தும்.

விலகலும் எச்சமும்

475ஆம் குறளுக்கு உரை சொல்லும் பரிமேலழகர் ‘இறும்’ என்பதை ‘முரியும்’ என்று விளக்குகிறார். நேர்ப்பொருளை எளிதில் உணர்த்த வேறொரு வினை துணைக்கு வந்ததற்கு இது ஒரு குறிப்பு. பிறவினையோ வேறு துறைகளில் வேரூன்றியது. கல்வெட்டுகளில் ‘இறை இறுத்தல்’ என்பது வரி செலுத்துதல். ‘விடை இறுத்தல்’ என்பது மறுமொழி கூறுதல். கடனையும் வினாவையும் முடித்துவைப்பது என்ற பொருளில் இவை கிளைத்திருக்கலாம் என்பது என் கருத்து. இன்று ‘இறுதிப் போட்டி’, ‘வார இறுதி’ என்று சொல்கையில் யார் காதிலும் அச்சு ஒடியும் ஓசை கேட்பதில்லை.

எழுத்து மறந்ததைப் பேச்சு மறக்கவில்லை. ‘நேற்று’ என்பது ‘நேத்து’ ஆவதுபோல ‘இற்று’ என்பது ‘இத்து’ ஆனது. ‘கயிறு இத்துப்போச்சு’, ‘தகரம் துருப்பிடிச்சு இத்துப்போச்சு’ என்கிறோம். எவரும் அடித்து உடைக்காமல், நாட்பட்டு நைந்து, தன் பாரத்தையே தாங்காமல் விட்டுப்போவதற்கு இதைவிடப் பொருத்தமான வினை நம்மிடம் இல்லை.

முடிவுரை

இச்சொல்லின் வரலாறு ஒரு பொருள் போய் இன்னொரு பொருள் வந்த கதையன்று. இரு பொருள்களும் தொடக்கம் முதலே உடன் வாழ்ந்தன. பின்னர் முடிவுப்பொருள் ஏட்டிலும், ஒடிவுப்பொருள் வாய்மொழியிலும் தனித்தனியே குடியேறின. ஆகவே ‘இத்துப்போச்சு’ என்பதைக் கொச்சை என்று மாணவரின் ஏட்டில் அடித்துவிடும் ஆசிரியர் ஒரு கணம் நிற்க வேண்டும். கொல்லைக் கிணற்றடியில் பழங்கயிற்றைப் பார்த்துப் பாட்டி சொன்ன அந்தச் சொல்தான் கம்பரின் அவையோர் செவியிலும் விழுந்தது.