கணப்பின் கதை



நெருப்பை ஆளக் கற்றது மனித குலத்தின் பெருஞ்செயல் என்று வரலாற்று நூல்கள் கூறும். ஆயின், மூட்டிய நெருப்பின் வெப்பத்தை வீணாகாமல் காத்துக்கொள்ள மனிதன் எத்தனை நூற்றாண்டுகள் பாடுபட்டான் என்பதை அவை மிகுதியாக எடுத்துரைப்பதில்லை. அந்த வரலாற்றின் சில பகுதிகளை இன்று காண்போம்.

நம் சமவெளிகளில் விறகு பெரும்பாலும் சமையலுக்கே பயன்பட்டது. பனி உறையும் நாடுகளிலோ அது உயிர் காக்கும் பொருள். ஐரோப்பிய வீடுகளில் சுவரை ஒட்டிக் கணப்பு அமைத்து, அதன்மேல் புகைபோக்கி எழுப்பினர். கணப்பின் வாயும் அகலம், புகைபோக்கியும் அகலம். சூடேறிய காற்று இலேசானது. அது புகைபோக்கி வழியே விரைந்து மேலேறிவிடும். அது விட்ட இடத்தை நிரப்பக் கதவிடுக்குகளிலும் சன்னல் இடுக்குகளிலும் வெளிக்குளிர் உட்புகும். ஆகவே, நெருப்பை வளர்க்க வளர்க்க, குளிர்காற்றின் வரவும் வளர்ந்தது. கணப்பின் எதிரே அமர்ந்தவருக்கு முகம் காயும், முதுகோ விறைக்கும். அடுக்கடுக்காக விறகிட்டும் அறை சூடாகவில்லை.

இதனால் நலிந்தவை காடுகள். 18-ஆம் நூற்றாண்டில் இரும்பு உருக்கக் கரி வேண்டும். கப்பல் கட்ட மரம் வேண்டும். கணப்புக்கும் விறகு வேண்டும். காடு நகரத்தை விட்டு விலக விலக, விறகின் விலை ஏறிற்று. அந்தச் சுமை ஏழையின் தலையிலேயே முதலில் விழுந்தது.

இக்குறையை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் அமெரிக்கப் பேரறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின். இரும்புத் தகடுகளால் ஆன கணப்பு ஒன்றை அவர் வகுத்து, 1744-ஆம் ஆண்டில் அதனை விளக்கி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். புகையை உடனே மேலே விடாமல், ஓர் இரும்புப் பெட்டியைச் சுற்றி இறங்கச் செய்தார். பெட்டியினுள் புகுந்த தூய காற்று சூடேறி அறைக்குள் பரவிற்று. தம் கூடம் முன்னிலும் இருமடங்கு சூடாயிற்று என்றும், விறகோ முன்பு செலவானதில் கால் பங்கே ஆயிற்று என்றும் அவர் எழுதினார். இதில் ஒரு குறையும் இருந்தது. நெருப்புத் தணிந்தால் புகை இறங்கி ஏற மறுத்து அறைக்குள்ளேயே திரும்பும். பின்வந்தோர் அதைத் திருத்தினர்.

பென்சில்வேனியாவின் ஆளுநர் அக்கணப்பை விற்கும் தனியுரிமையைப் பிராங்கிளினுக்கு அளிக்க முன்வந்தார். அவர் ஏற்கவில்லை. பிறர் கண்டுபிடிப்புகளால் நாம் நலம் பெறுகிறோம். ஆதலின் நம் கண்டுபிடிப்பையும் மனமுவந்து பிறர்க்கு வழங்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

சுவீடன் நாட்டில் விறகுப் பஞ்சம் அரசையே கவலைக்குள்ளாக்கிற்று. 1767-ஆம் ஆண்டில் குரோன்ஸ்டெட், விரேட என்னும் இருவர் அரசின் விருப்பப்படி புதிய அடுப்பொன்றை அமைத்தனர். நம் கொடியடுப்பை நீங்கள் பார்த்திராவிட்டால் பாட்டியாரைக் கேளுங்கள். முதல் அடுப்பில் எரிந்து எஞ்சிய அனல், பக்கத்துக் கொடியில் வைத்த பாலையும் காய்ச்சிவிடும். சுவீடன் அடுப்பின் நுட்பமும் அத்தகையதே. அங்கே புகை செங்கல் வழிகளில் ஏறி, இறங்கி, மீண்டும் ஏறிய பின்னரே வெளியேறும். அதற்குள் அதன் வெப்பத்தைச் செங்கல் வாங்கிக்கொள்ளும். சிறிது நேரம் எரித்த நெருப்பு, அணைந்த பின்னும் நெடுநேரம் அறையைச் சூடாக வைத்தது.

1796-ஆம் ஆண்டில் ரம்போர்டு பிரபு வேறொரு வழி காட்டினார். கணப்பின் ஆழத்தைக் குறைத்தார். பக்கச் சுவர்களைச் சாய்த்தார். புகைபோக்கியின் கழுத்தை நான்கு அங்குலமாக ஒடுக்கினார். அனல் அறையை நோக்கித் திரும்பிற்று. சில செங்கற்களும் சாந்தும் போதும். பழைய கணப்பையே திருத்திக்கொள்ளலாம். லண்டன் மாநகரில் மட்டும் நூற்றுக்கணக்கான கணப்புகள் இவ்வாறு திருத்தப்பெற்றன.

இந்த முயற்சி அத்துடன் நிற்கவில்லை. 1980-களில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் லாரி வினியார்ஸ்கி என்பவர், சுள்ளிகளைக் கொண்டே முழுமையாக எரியும் சமையல் அடுப்பொன்றை வகுத்தார். பின்னர் அங்குள்ளோர் அதனை வீட்டைச் சூடாக்கும் அடுப்பாக்கினர். பழைய இரும்புப் பீப்பாயும் களிமண்ணுமே அதற்கு முதன்மையான பொருள்கள். புகை களிமண் திண்ணையின் உள்ளே சென்று அதைச் சூடாக்கிய பின்னரே வெளியேறும். இத்தகையவற்றைத் தாமே கட்டுவோர் ஒன்றை மறத்தல் ஆகாது. கங்கு கனலும்போதே புகைவழியை அடைத்தால், மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு அறையில் நிறைந்து, உறங்குவோரை உயிரிழக்கச் செய்யும். சிக்கனம் அறிவோடு கூடியதாக இருத்தல் வேண்டும்.

அடுப்பைத் திருத்தியவர்கள் முடிவில் வீட்டையே திருத்தவும் முனைந்தனர். 1991-ஆம் ஆண்டில் செருமனியின் டார்ம்ஸ்டாட் நகரில் தடித்த காப்புச் சுவர்களும் இடுக்கற்ற சன்னல்களும் கொண்ட வீடுகள் எழுந்தன. சாதாரண வீட்டுக்கு வேண்டிய வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே அவற்றுக்குப் போதுமாயிற்று.

மாணவர்களே, இவ்வறிஞர்கள் புதிய எரிபொருள் எதையும் தேடவில்லை. இருக்கும் வெப்பம் எவ்வழியே போகிறது என்று கேட்டார்கள். அவ்வழியை நெடிதாக்கினார்கள் அல்லது ஒடுக்கினார்கள். மேலும், தாம் அறிந்ததை எளிய கொத்தரும் பின்பற்றுமாறு வெளிப்படையாக எழுதிவைத்தார்கள். உங்கள் இல்லத்தில் விளக்கின் ஒளியும் அடுப்பின் அனலும் குழாயின் நீரும் எவ்வழியே வீணாகின்றன என்று ஒருநாள் பொறுமையோடு ஆராய்ந்து பாருங்கள். கண்டதை அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள்.