வீடு இறங்கவில்லை, வீதி ஏறியது



நான் சிறுவனாக இருந்தபோது, சிதம்பரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு நான்கு படிகள். இன்று ஒரே படி. வீடு இறங்கவில்லை, வீதிதான் ஏறியது.

உடைத்த கல்லை அடுக்கடுக்காகப் பரப்பி இறுக்கும் முறையை 1800களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக்காரர் மெக்காடம் பரவலாக்கினார். தார் பின்னால் சேர்ந்தது. தார்ச்சாலை தேய்ந்தால், அதன் மேலேயே இன்னொரு அடுக்கு போடுவது நம் ஊர் வழக்கமாயிற்று. ஒவ்வொரு முறையும் ஓரிரண்டு அங்குலம் உயர்ந்தது.

2015 மழையில் கடலூர் மாவட்டமே வெள்ளக்காடானது நினைவிருக்கும். வீதித் தண்ணீர் எங்கள் கூடத்துக்குள் வந்தது. அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்த வகுப்புப் புகைப்படங்கள் ஊறிப் போயின. உங்களில் பலரின் சின்ன வயது முகம் அதில்தான் இருந்தது.

2021 மே மாதம், அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அவர்கள், பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே, அதே மட்டத்தில் புதுச்சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். இதைத்தான் 'மில்லிங்' என்கிறார்கள். சுரண்டிய கலவையையும் மறுபடி பயன்படுத்தலாம்.

எனவே, உங்கள் தெருவில் சாலை போட வந்தால், சுரண்டினார்களா என்று முதலில் கேளுங்கள். வேலை தொடங்குமுன் வாசற்படியை அளந்து எழுதி வையுங்கள். பழைய வகுப்புப் படம் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.