பேட்டரி வயரைக் கழட்டிப் பார்க்கும் பழக்கம்

"வண்டி ஓடும்போதே பேட்டரி வயரைக் கழட்டுங்க சார். ஆஃப் ஆகலைன்னா ஆல்டர்னேட்டர் நல்லா இருக்குன்னு அர்த்தம்." ஒரு மெக்கானிக் சொன்ன இதைப் பல வருஷம் நானும் நம்பினேன். எங்கிருந்து வந்ததுன்னு தேடினப்பதான் புரிஞ்சது: இது டைனமோ காலத்துப் பழக்கம்.

டைனமோ நேராக டி.சி. கரண்ட் தரும், ஆனால் என்ஜின் ஐடிலில் இருந்தால் சார்ஜ் ஏறுவது அபூர்வம். ஆல்டர்னேட்டர் ஐடிலிலும் சார்ஜ் செய்யும். ஆனால் அதில் பிறப்பது ஏ.சி. அதை டி.சி. ஆக்கச் சின்னதாக சிலிக்கான் டயோடு வந்த பிறகுதான் சாதாரணக் கார்களுக்கு அது கட்டுப்படியானது. 1960 மாடல் வேலியன்ட் காரில் கிரைஸ்லர் நிறுவனம் ஆல்டர்னேட்டரையே வைத்து விற்றது.

இங்கேதான் சிக்கல். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரியைப் பிரித்தால், வோல்டேஜ் ஒரு நொடிக்குள் 14-லிருந்து 40-ஐத் தாண்டி எகிறலாம். டைனமோ வண்டியில் கருகிப்போக டயோடும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. இன்றைய காரில் இரண்டும் உண்டு.

மல்டிமீட்டர் இருந்தாலே போதும். பல மணி நேரம் நிறுத்திவைத்த வண்டியில் 12.6 வோல்ட், ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வரை. வயரைத் தொடவே வேண்டாம். டைனமோ போய்விட்டது, பழக்கம்தான் இன்னும் போகவில்லை.