பின்சக்கரத்தில் டிரம் இருந்த ஜிடிஐ

எங்கள் வீட்டு சத்ரியா ஜிடிஐ இல்லை என்று எனக்குத் தெரியவந்தபோது வயது இருபத்தொன்று. பல்கலைக்கழக விடுமுறையில் அப்பாவின் காடிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். பின்சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே டிரம் பிரேக். ஜிடிஐக்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க் இருக்க வேண்டும். பெரிய பம்பர், பக்கவாட்டுப் பாவாடை, பின்னால் ஜிடிஐ எழுத்து எல்லாம் இருந்தது. அடியில் அது சாதாரண 1.3.

அப்பாவிடம் போய்க் கேட்டேன். "ஆமாடா, 1.3தான். கிட்டெல்லாம் உங்க பெரியப்பா மவன் மாட்டுனது. நீதான் கேக்கவே இல்லையே," என்றார்.

பள்ளிக்கூடத்தில் நான் விட்ட பந்தாவெல்லாம் நினைவுக்கு வந்தது. அதை விடுங்கள். அப்படியானால் அந்த பம்பர் எந்தக் காடியிலிருந்து வந்தது? இந்தக் கேள்விதான் என்னை மலேசியக் கார்களின் வரலாற்றுக்குள் தள்ளியது.

எதிர்காலத்தில் எந்த கார் 'கிளாசிக்' ஆகும் என்று வெளிநாட்டில் பட்டியல் போடுகிறவர்கள் குதிரைசக்தியைப் பார்ப்பார்கள், எத்தனை தயாரானது என்று எண்ணுவார்கள். நம் ஊரில் அந்தக் கணக்கு பாதிதான் சரிவரும். இங்கே எத்தனை செய்தார்கள் என்பதைவிட எத்தனை தப்பித்தன என்பதே பெரிய கேள்வி.

சாகாவுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. புரோட்டோன் 1983இல் தொடங்கியது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேவை அடிப்படையாகக் கொண்ட சாகா 1985 ஜூலை 9 அன்று வெளியானது. அடுத்த மாதமே பினாங்குப் பாலத் திறப்பு விழாவில் மகாதீர் ஒரு சிவப்பு சாகாவை ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். முதல் சாகா இன்றைக்கும் தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பிறந்தபோதே அதற்குக் காவல்காரர் இருந்தார் என்று சொல்லலாம்.

1994இல் வந்த மூன்று கதவு சத்ரியாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மிட்சுபிஷி மிராஜின் உடம்பு, வீராவோடு ஒரே அடித்தளம். 1996இல் புரோட்டோன் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தில் பெரும்பங்கை வாங்கியது. அந்த உறவில் பிறந்த பிள்ளைதான் ஜிடிஐ. நாடு 1997-98 நிதி நெருக்கடியிலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1.8 லிட்டர், பதினாறு வால்வு, இரட்டை கேம் கொண்ட 4ஜி93பி இன்ஜின், ஏறக்குறைய 140 குதிரைசக்தி. சஸ்பென்ஷனைச் சரிசெய்தது லோட்டஸ். அதைச் சொல்லும் பட்டையும் பின்னால் ஒட்டியிருக்கும். தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவன், மாதத் தவணையில், லோட்டஸ் பெயர் போட்ட காடியைக் கனவு காண முடிந்தது. இதை இன்று விளக்குவது கொஞ்சம் கஷ்டம்.

அந்தக் கனவுதான் அதைக் கொன்றது. 4ஜி93பி இன்ஜின் பெரிய வேலை இல்லாமல் வீராவுக்குள் உட்காரும். வீராவோ தெருவுக்குத் தெரு நின்றது. ஒரு ஜிடிஐயை முழுசாக விற்பதைவிடப் பிரித்து விற்றால் லாபம். இன்ஜின் ஒருவனுக்கு, பிரேக் ஒருவனுக்கு, பம்பர் இன்னொருவனுக்கு. கெடாய் போத்தோங் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். மழையில் வளைவில் வழுக்கியவை, ராத்திரியில் காணாமல் போனவை, கடைசியில் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. எங்கள் பம்பரும் சீட்டும் அப்படி மோதி நொறுங்கிய ஒரு ஜிடிஐயின் உடம்பிலிருந்து வந்தவை. இன்ஜின் அண்ணனின் நண்பர் ஒருவரின் வீராவுக்குப் போனது. பின் அச்சு யாருக்குப் போனது என்று அண்ணனுக்கே ஞாபகம் இல்லை.

2004இல் சத்ரியா ஆர்3 என்று 150 மட்டும், கறுப்பு நிறத்தில் மட்டும், செய்தார்கள். அது அரிதாகவே பிறந்தது, வாங்கியவர்களும் தெரிந்தேதான் வாங்கினார்கள். அதனால் எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை.

எனக்கு ஆர்வம் பழைய காடிகளின் நடுவயதில். கார் பிறந்ததிலிருந்து கிளாசிக் ஆகும்வரை, யாரும் மதிக்காத இருபது வருடம் ஒன்று உண்டு. அதைத் தாண்டினால்தான் வாழ்வு. சிங்கப்பூரில் பத்து வருடத்தில் உரிமச் சான்று முடிந்துவிடும். புதுப்பிக்கக் காசில்லாவிட்டால் காடி போய்விடும். அங்கே கிளாசிக் திட்டத்தில் சேர 35 வயது ஆகியிருக்க வேண்டும், சேர்ந்தாலும் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். இங்கேயும் 2009 அக்டோபரில், பதினைந்து வயதைத் தாண்டிய வாகனங்கள் சாலைவரி புதுப்பிக்கும்போது கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது. சில வாரங்களில் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் யாரும் சேகரிப்பாளர்கள் இல்லை, வேலைக்குப் போக அந்த ஒரு காடிதான் வைத்திருந்த சாதாரண ஜனங்கள். 1994இல் வந்த முதல் சத்ரியாக்களுக்கு அப்போது சரியாகப் பதினைந்து வயது. நம் கிளாசிக்குகளில் பலவற்றைக் காப்பாற்றியது ரசனை இல்லை, பற்றாக்குறைதான் என்பது என் எண்ணம்.

பெரோடுவா கெலிசாவும் அப்படித்தான். 2001இலிருந்து 2007 வரை விற்ற 989 சிசி குட்டிக் காடி. அரோவானா மீனின் பெயர். அம்மாக்கள் பசாருக்கு ஓட்டிப்போன அதை இன்று என் வயதுக்காரர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள்.

இப்போதைய காடிகளில் எது தப்பிக்கும்? கார்புரேட்டர் வைத்த சாகாவை எந்தப் பட்டறையிலும் சரிசெய்துவிடலாம். ஜிடிஐ காலத்தில் கம்ப்யூட்டர் பெட்டி வந்துவிட்டது. அந்தக் காலத்து மிட்சுபிஷி பெட்டிகளில் கப்பாசிட்டர் கசிந்து பலகையை அரிக்கும். ஆனாலும் சால்டரிங் கம்பி இருந்தால் மாற்றிவிடலாம், நானே மாற்றியிருக்கிறேன். 2024 இறுதியில் விற்பனைக்கு வந்த மின்சார இ.மாஸ் 7க்கு இருபத்தைந்து வருடம் கழித்து பேட்டரி கிடைக்கலாம். திரைக்குப் பின்னாலிருக்கும் மென்பொருளை யார் கொடுப்பார்? என் பந்தயம் 2006இல் வந்த சத்ரியா நியோவின் மேல். 2011இல் ஆசிய பசிபிக் ராலியை வென்றது அதன் பந்தய வடிவம்தான். அதைவிட முக்கியம், அதன் கேம்ப்ரோ இன்ஜின் ஜென்2, பெர்சோனா, சாகா என்று பல காடிகளில் இருந்தது. பாகம் கிடைக்கும். மேனுவல் கியர் நியோ யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து கிட் எதுவும் மாட்டாதீர்கள்.

போன வருடம் செரம்பானிலிருந்து ஒருவர் வந்தார். உண்மையான ஜிடிஐ ஒன்றை மீட்டுக்கொண்டிருக்கிறார். பம்பரும் சீட்டும் ஒரிஜினல் கிடைக்கவில்லை. "தம்பி, விலையை நீங்களே சொல்லுங்க," என்றார். எனக்கு மனசே வரவில்லை. அது பொய்யோ மெய்யோ, நான் வளர்ந்தது அந்த சீட்டில். அப்பா மட்டும் யோசிக்கவே இல்லை. "குடுத்துடுடா. அது அந்தக் காடியோடது," என்றார்.

பழைய 1.3 பம்பரை அப்பா ஸ்டோர் ரூமில் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார். இத்தனை வருடமாக அது எனக்குத் தெரியாது. மாட்டி முடித்தபோது காடி சின்னதாகத் தெரிந்தது. அடுத்த வாரம் பெட்ரோல் ஸ்டேஷனில் ஒரு பையன் பக்கத்தில் வந்து நின்றான். "அங்கிள், எதுவுமே மாத்தாத 1.3ஆ? இப்படிப் பார்த்து ரொம்ப நாளாச்சு," என்றான். அப்பா என்னைப் பார்த்தார். நான் மீட்டரைப் பார்த்தேன்.